அபினோவைப் படகில் ஏற்ற வேண்டாம்

மரியே வாழ்க

இனயம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மகள் ரெஜிஷாவுக்கு அப்பா எழுதுவது.

நீயும் கிளீட்டஸ் மாப்பிள்ளையும் அபினோவும் சின்னவளும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்க மாதா துணை நிற்கட்டும். நாங்கள் இங்கே சுகமாக இருக்கிறோம் என்று எழுதுவது கடிதத்துக்கான மரியாதை, அந்த மரியாதையைச் செய்துவிட்டேன், இனி உள்ளதை எழுதுகிறேன். உன் அம்மாவுக்கு முட்டுவலி மழை தொடங்கியதும் கூடியிருக்கிறது, தைலம் போட்டுக்கொண்டு எல்லா வேலையும் செய்கிறாள், சொன்னால் கேட்பதில்லை. கடல் இந்த வருடமும் ரோட்டைத் தாண்டி வந்துவிட்டது, அலையைத் தடுக்கப் போட்ட கல்லெல்லாம் உருண்டு கிடக்கிறது, கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு, குடிக்க லாரித் தண்ணீர்தான். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் படகுகள் எல்லாம் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கின்றன, ஆண்கள் எல்லாம் கரையில். ஆண்கள் கரையில் சும்மா இருக்கும் மாதங்களில் நம் ஊர் எப்படி இருக்கும் என்பது உனக்குத் தெரியும், சாயங்காலமானால் நான் ஜன்னலைச் சாத்திவிடுகிறேன்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். நம் வீட்டில் போன் உன் அம்மாவின் ராஜ்ஜியம். நான் பேசும்போது எதிரே நின்று வாயைப் பொத்திச் சைகை காட்டுவாள், உன் தம்பி டிஜோ அதே அறையில் உட்கார்ந்திருப்பான். அதனால்தான் எழுதுகிறேன். மேல வீட்டு அஜிதாவின் மாப்பிள்ளை லீவு முடிந்து நீங்கள் இருக்கும் குவைத்துக்குத் திரும்புகிறார், அவர் பெட்டியில் நேந்திரங்காய் சிப்ஸுக்கு அடியில் இதை வைத்துத் தரச் சொல்லியிருக்கிறேன். படித்து முடித்ததும் அம்மாவைக் கூப்பிட்டுச் சண்டை போடாதே, முதலில் கடைசி வரை படி.

அபினோவின் ஸ்கூல் பையில் அந்த ஆவி இழுக்கும் குழாயை, வேப் என்கிறார்களே அதை, நீ கண்டெடுத்த அன்று அழுதுகொண்டே உன் அம்மாவைக் கூப்பிட்டாய். என்னைக் கூப்பிடவில்லை. இத்தனை வருடம் ஊரார் பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லிக்கொடுத்து, பதிமூன்று பதினான்கு வயதுப் பையன்களோடேயே தலை நரைத்த ஒருவன் இந்த வீட்டில் இருக்கிறான் என்பது உனக்கும் நினைவுக்கு வரவில்லை, பரவாயில்லை, எனக்கு அது பழகிவிட்டது. உலையில் அரிசி போடுமுன் உன் அம்மா தன் அண்ணனிடம் சொல்லிவிட்டாள். சாயங்காலம் உன் மரியஜான் மாமா வந்து என் நாற்காலியில் உட்கார்ந்து, "வாத்தியாரே, பேரப்பிள்ள என்னமோ கொழாய் ஊதுதானாமே, பயப்படாண்டாம் கேட்டீரா, லீவுக்கு வாறாம்லியா, ஆகஸ்டுல நான் படகு எறக்கும்போ ஏத்தி விடும், ஒரு ஓட்டம் போயிட்டு வந்தாம்னா எல்லாம் மாறிரும், நம்ம டிஜோ மாறலியா?" என்றார். உன் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும் என்றாள். மறுநாள் நீ போனில், டிக்கெட் போட்டாச்சு, மாமா சொன்னது நல்ல யோசனைதான் அப்பா என்றாய். நான் போனை உன் அம்மா கையில் கொடுத்துவிட்டேன், அவள் எதிரே நின்றிருந்தாள்.

டிஜோ எப்படி மாறினான் என்பது உனக்குத் தெரியாது. நீ அப்போது சின்னவளை வயிற்றில் வைத்திருந்தாய், உன்னிடம் சொல்லக் கூடாது என்று உன் அம்மா என் காலைப் பிடித்தாள். பிள்ளை பிறந்த பிறகு சொல்லலாம் என்றாள், பிறகு ஞானஸ்நானம் முடியட்டும் என்றாள், பிறகு எதற்கு இனி என்றாள். இப்போது நீ அந்தப் பொய்யை நம்பி டிக்கெட் போட்டிருக்கிறாய். ஆகவே கேள்.

டிஜோவின் முதல் கிளாஸ் உன் கல்யாணத்துக்கு முந்தின நாள் நம் பந்தலுக்குப் பின்னால்தான் ஊற்றப்பட்டது. ஊற்றியவர் உன் மாமா. ஆண்களுக்கெல்லாம் உபசாரம் நடந்துகொண்டிருந்தது, அவன் பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தான், "ஆம்பளப் பிள்ளதானே, நாளைக்கு அக்காளுக்கக் கல்யாணம், ஒரு வாய் குடிச்சா செத்தா போவான்" என்று அவன் கையில் கொடுத்தார். நான் ஓடிப்போய்ப் பிடுங்கிக் கொட்டினேன். பந்தல் முழுக்கச் சிரித்தது. "வாத்தியாரே, கல்யாண வீட்டுலயுமா கிளாஸ் எடுப்பீரு" என்று உன் மாமா கேட்டது இப்போதும் என் காதில் கிடக்கிறது. உன் அம்மாவும் சிரித்தாள். அன்று கூட்டுக்காரர்களோடு வந்திருந்த மாப்பிள்ளையும் அங்கே நின்றுகொண்டுதான் இருந்தார், அவரும் சிரித்தார், நான் மறக்கவில்லை. ஒரு கிளாஸில் ஒருவன் குடிகாரனாகிவிடுவதில்லை, எனக்குத் தெரியும். ஆனால் அப்பா வேண்டாம் என்று சொல்வது ஊர் சிரிக்கிற காரியம் என்று அவன் அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டான். அதன் பிறகு நான் எதைச் சொன்னாலும் அவன் முகத்தில் அந்தப் பந்தல் சிரிப்பு வந்து நின்றது. முதலில் உதட்டுக்கு அடியில் ஒதுக்கும் புகையிலைப் பொட்டலம், பிறகு பாலிடெக்னிக் கூட்டுக்காரர்களோடு சனிக்கிழமைக் குடி, பிறகு ஐஸ் பிளாண்டில் வேலைக்குச் சேர்ந்ததும் தினமும். கடைசியில் காலையில் எழுந்ததும் ஒரு மிடறு உள்ளே போனால்தான் கை நடுக்கம் நிற்கும் என்ற நிலைக்கு வந்துவிட்டான். உன் அம்மா அவன் கட்டிலுக்கு அடியில் கிடந்த பாட்டில்களை எனக்குத் தெரியாமல் எடுத்துச் சாக்கில் கட்டி, மீன் கழிவோடு சேர்த்து வெளியே அனுப்பினாள். அவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த நேரம், வீட்டு விஷயம் தெருவுக்குப் போகக் கூடாதாம். தெருவுக்கு எல்லாம் தெரியும், அவனுக்கு மட்டும்தான் அது தெரியாது, தன் குடி ஒருவருக்கும் தெரியவில்லை என்றே அவன் நினைத்துக்கொண்டிருந்தான், அதனால் நிறுத்த அவனுக்கு ஒரு காரணமும் வரவில்லை.

நான் அவனை நெய்யூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் அவன் கையைப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், ரத்தம் எடுத்தார். அவனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம், "ஸார், இவ்வளவு நாள் தினமும் குடிச்ச உடம்பு இது. ஒரேயடியா நிறுத்தினா வலிப்பு வரும், புத்தி பிசகும், உயிருக்கே ஆபத்து. வார்டுல படுக்க வச்சு, மருந்து குடுத்து, நாங்க பாத்துக்கிட்டே நிறுத்தணும், வீட்டுல வச்சு நீங்களா நிறுத்திராதீங்க" என்றார். டிஜோவும் சரி என்றான், மகளே, அதுதான் எனக்கு ஆறவில்லை, அவன் சரி என்றான், பஸ்ஸில் வரும்போது, அப்பா ஆஸ்பத்திரியில எங்கூட நீங்க இருப்பீங்களா என்று கேட்டான். பரீட்சைத் தாள் திருத்தும் முகாம் ஒரு வாரம் இருந்தது, முடிந்ததும் சேர்க்கிறேன் என்று டாக்டரிடம் தேதி வாங்கியிருந்தேன். நான் முகாமில் இருந்த அந்த வாரம் உன் அம்மா தன் அண்ணன் வீட்டுக்குப் போனாள். அந்த வார்டுல கெடந்தான்னு தெரிஞ்சா எவ பொண்ணு தருவா என்று அழுதிருக்கிறாள். உன் மாமாவுக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான். நம் கடற்கரையில் குடிகாரப் பிள்ளைகளுக்குக் காலங்காலமாகச் செய்வதுதான், படகில் ஏற்றிவிடுவது. ஆழ்கடலில் கடை கிடையாது, பையைச் சோதித்து ஏற்றிவிட்டால் கரை காணும்வரை ஒரு துளி கிடைக்காது, திரும்பி வரும்போது தெளிந்துவிடுவான் என்பது கணக்கு. நான் டாக்டர் சொன்னதை உன் அம்மாவிடம் சொல்லியிருந்தேன். அவள் அண்ணனிடமும் சொன்னாளாம். "டாக்டர்மாரு அப்பிடித்தான் சொல்லுவாவ, வார்டுல ஆளு சேரணும்லா" என்று அவர் பதில். நான் முகாம் முடிந்து வந்தபோது கட்டிலில் விரிப்பு மடித்து வைத்திருந்தது, அவனைக் கொச்சிக்குக் கூட்டிப் போய் மாமாவின் படகில் ஏற்றியிருந்தார்கள், படகு போய்விட்டது.

கடலில் நடந்ததை உன் மாமா எனக்குச் சொல்லவில்லை. அந்தப் படகில் சமையல் செய்த ஆள், பிறகு ஒருநாள் சந்தையில் என்னைப் பார்த்து, ஒதுக்குப்புறமாகக் கூட்டிக்கொண்டு போய் அழுதுகொண்டே சொன்னான். முதலில் கை நடுங்கியதாம், வியர்த்ததாம், சோறு இறங்கவில்லையாம், எல்லாரும் சிரித்தார்களாம், போதை இப்ப எறங்கும் மாப்பிளே என்று. பிறகு வலை முழுக்க எறும்பு ஊர்கிறது என்று தட்டத் தொடங்கியிருக்கிறான். பிறகு பட்டப்பகலில் கடலைக் காட்டி, "அப்பா வந்து நிக்கியாரு, ஆஸ்பத்திரிக்கிப் போணும், எறங்கணும்" என்று படகின் விளிம்பில் கால் வைத்திருக்கிறான். பிடித்து இழுத்துப் போட்டுக் கட்டிவிட்டார்கள், வலை இழுக்கும் கயிறால், கையையும் காலையும். பேய் என்றார்களாம், ஜெபமாலையைக் கழுத்தில் போட்டு, புனித நீர் தெளித்து, சுற்றி நின்று ஜெபம் சொல்லியிருக்கிறார்கள். கட்டிய நிலையிலேயே வலிப்பு வந்தது, நாக்கைக் கடித்துக்கொண்டான், வாயில் துணி வைத்தார்கள். கரைக்குத் திருப்பலாமா என்று சமையல்காரன் கேட்டிருக்கிறான். "ஐஸ் போட்டாச்சி, வலையும் விட்டாச்சி, ஒரு கோட்டிக்காரனுக்கு வேண்டி இத்தன பேரும் வெறுங்கையோடயா போறது" என்றிருக்கிறார் உன் மாமா. அதே மாமாதான் தன் கையால் அவனுக்குக் கஞ்சி ஊட்டியிருக்கிறார், வெயில் படாமல் தார்ப்பாய் இழுத்துக் கட்டியிருக்கிறார், அதையும் சொல்லத்தான் வேண்டும். பாசம் இல்லாத மனிதர் இல்லை அவர். பாசம் இருக்கிறவர் கையில் கயிறு இருந்தால் என்ன நடக்கும் என்பதைத்தான் சொல்கிறேன்.

படகு நிறைந்த மீனோடு வந்தது. டிஜோ ஒரு கையை மாமாவின் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினான், தரையில் நேராக நடக்க வரவில்லை, கடல் ஆட்டம் என்றார்கள், அந்த ஆட்டம் இன்றுவரை நிற்கவில்லை. மறுநாளே நெய்யூருக்குக் கொண்டு போனேன். அதே டாக்டர். பார்த்துவிட்டு, உயிரோட வந்ததே பெருசு ஸார், மூளைக்குள்ள ஆன சேதம் முழுசா சரியாவும்னு நான் சொல்ல மாட்டேன் என்றார். நான் நேராக உன் மாமா வீட்டுக்குப் போய்க் கேட்டேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா, "வாத்தியாரே, நீரு அவன இத்தன வருசமா அடக்கினீரா, நான் ஒரு ஓட்டத்துல அடக்கினேன், குடிக்கியானா இப்போ, ஒரு சொட்டு தொடுதானா, நீரே சொல்லும்" என்றார். தொடவில்லைதான். குடிக்க வேண்டும் என்பதே அவனுக்கு நினைவில் இல்லை. ஊர் முழுக்க அவனைச் சாது என்கிறது. அன்பிய ஜெபக் கூட்டத்தில் பெண்கள் உன் மாமாவின் பேரைச் சொல்லி ஸ்தோத்திரம் சொன்னார்கள், உன் அம்மா தலை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள், நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். அதிலிருந்து நான் கூட்டத்துக்குப் போவதில்லை, அதற்கும் ஊரில் எனக்குத் திமிர் என்று பேர்.

நீ வீடியோ காலில் அவனைப் பார்க்கும்போதெல்லாம், கையை மடியில் வைத்துக்கொண்டு, தலை வாரி, முழுக்கைச் சட்டை போட்டு, சிரித்தபடி உட்கார்ந்திருப்பான், எவ்வளவு மாறிட்டான் என்று நீ சொல்வாய். நீ போன வருடம் அனுப்பிய அரைக்கைச் சட்டைகள் மடிப்புக் கலையாமல் அலமாரியில் இருக்கின்றன. இந்தப் புழுக்கத்தில் ஒருவன் ஏன் எப்போதும் முழுக்கைச் சட்டை போட்டிருக்கிறான் என்று நீ ஒருநாளும் கேட்கவில்லை. உன் அம்மா கால் வருமுன் அவன் கைப் பொத்தானைப் போட்டுவிடுவாள். காலையில் பேசியது மத்தியானம் அவனிடம் நிற்பதில்லை. அக்காளுக்கக் கல்யாணம் எப்போ அப்பா, பந்தல்காரன் வந்தாச்சா என்று வாரத்தில் பாதி நாள் கேட்கிறான். உனக்குப் பிள்ளைகள் இருப்பது அவனுக்கு ஒரு நேரம் தெரியும், ஒரு நேரம் தெரியாது.

இன்னொன்றும் கேள். டிஜோவைப் பார்த்து நம்பித்தான் நேசம்மாள் தன் மகனை உன் மாமாவிடம் கொண்டு போய் விட்டாள். நேசம்மாளை உனக்கு நினைவிருக்கும், சின்ன வயதில் திருவிழாவுக்கு உனக்குப் பூக்கட்டி விடுவாளே, அவளுடைய மூத்த மகன். அவனும் தினமும் குடித்துக்கொண்டிருந்தவன். நான் அவள் வாசலில் போய் நின்று, ஏற்றாதே, நெய்யூருக்கு நான் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று கெஞ்சினேன். "ஸாருக்கு மரியஜான் அண்ணன்மேல கோவம், அதுக்கு எனக்கப் பிள்ள எதுக்கு" என்று கதவைச் சாத்தினாள். அவனை யாரும் கட்டவில்லை, கட்ட நேரம் கிடைக்கவில்லை, அதற்குள் கடலில் குதித்துவிட்டான். உடலும் கிடைக்கவில்லை. அவள் இன்றுவரை உன் மாமாவைக் குற்றம் சொல்லவில்லை, கடல் எடுத்தது என்கிறாள். ஊரும் அப்படியே சொல்கிறது. ஆகஸ்டில் இன்னும் யாராவது ஒரு தாய் பிள்ளையைக் கொண்டு வருவாள்.

அபினோ குடிகாரன் இல்லை, சின்னப் பையன், அவனுக்கு வலிப்பு வராதே என்று கேட்பாய், சரிதான். அவன் திரும்பி வருவான். ஆனால் படகில் உறக்கம் வராமலிருக்க எல்லார் உதட்டுக்கு அடியிலும் புகையிலை இருக்கும், அது அவனுக்குக் கிடைக்கும். அதைவிடப் பெரியது, பையில் இருந்ததை அம்மா கண்டுபிடித்தால் ஊரைக் கூட்டிச் சொல்லி நாடுகடத்துவாள் என்று அவன் கற்றுக்கொள்வான். பிறகு அவன் பையில் உனக்கு எதுவும் கிடைக்காது, கிடைக்காத இடத்தில் வைப்பான். பள்ளிக்கூடத்தில் நான் எத்தனையோ பையன்களைப் பிடித்திருக்கிறேன். கையும் களவுமாகப் பிடிபட்டு, அப்பா வந்து எல்லார் முன்னாலும் பெல்ட்டால் அடித்துக் கூட்டிப் போன பிள்ளைகள் அடுத்த வருடம் இன்னும் கெட்டிக்காரர்களாகத்தான் வந்தார்கள். கெட்டுப்போன நுரையீரல் படத்தைப் பெரிதாக மாட்டி விளக்கம் சொன்னோம், வாயைப் பிளந்து பார்த்தார்கள், இடைவேளை விட்டதும் மதிலுக்குப் பின்னால் போய் ஊதினார்கள். அதனால் டிஜோவைக் காட்டி அபினோவைப் பயமுறுத்தவும் வேண்டாம். என் பிள்ளை காட்சிப்பொருள் இல்லை.

நீ அவனோடு பேசு. ஒருநாள் உட்காரவைத்துப் பிரசங்கம் செய்யச் சொல்லவில்லை, காரில் போகும்போது, பாத்திரம் கழுவும்போது, அவன் உன் முகத்தைப் பார்க்க வேண்டாத நேரத்தில் பேசு. யார் கொடுத்தது என்று போலீஸ் கேட்பதுபோலக் கேட்காதே, எப்போது இழுக்கத் தோன்றுகிறது என்று கேள், பதில் சொல்ல நேரம் கொடு. அவன் கூட்டுக்காரர்களின் பேர் உனக்குத் தெரியுமா, அவர்களை வீட்டுக்கு அழைத்துச் சோறு போடு, யார் எப்படி என்று சாப்பிடும்போதே தெரிந்துவிடும். இந்த வீட்டில் இது கூடாது என்று ஒருமுறை தெளிவாகச் சொல், காரணத்தோடு சொல், மாப்பிள்ளையும் அதையே சொல்ல வேண்டும். மாப்பிள்ளை பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு சிகரெட் பிடிக்கிறார், புகை உள்ளே வருவதில்லை என்று பெருமை. பையன் கற்றுக்கொண்டது அந்தக் கதவைச் சாத்துவதைத்தான். அவர் அதை விட்டால் பையன் பாதி விடுவான், இதை நான் எழுதினேன் என்றே அவரிடம் சொல், அவருக்கு என்மேல் வருகிற கோபம் எனக்குப் புதிதில்லை. குழாயில் இருக்கும் நிகோட்டின் சின்ன உடம்பைச் சீக்கிரம் பிடிக்கும், விடும்போது எரிந்து விழுவான், உறங்க மாட்டான், அந்த நாட்களில் நீயும் சேர்ந்து எரிந்து விழாதே, அங்கேயே ஒரு நல்ல டாக்டரிடம் காட்டு, வெட்கப்படாதே. நம் வீட்டில் வெட்கப்பட்டது போதும். அவன் திரும்பவும் தவறினால் உன்னிடம் வந்து சொல்லத் தைரியம் இருக்க வேண்டும், அது மட்டும் இருந்தால் மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம். பஸ்ஸில் டிஜோ என்னிடம் வாய் திறந்தானே, அதுபோல. சொன்ன பிள்ளையைக் காப்பாற்ற எனக்கு ஒரு வாரம் விடவில்லை இவர்கள்.

அன்றைக்கு உன் மாமா பேசிவிட்டுப் போன பிறகு நடந்ததை எழுதி முடிக்கிறேன். உன் அம்மா அவரை வழியனுப்ப வாசலுக்குப் போயிருந்தாள். டிஜோ மூலையில் உட்கார்ந்திருந்தான், ஒன்றும் காதில் விழவில்லை என்றுதான் நினைத்தேன். அவன் கைப் பொத்தானைக் கழற்றி, மணிக்கட்டுத் தழும்பைத் தடவிக்கொண்டே இருந்தான். பிறகு என்னைப் பார்த்து, "அப்பா, யாரையோ படகுல ஏத்துதாவளாமே" என்றான். ஆமா மக்கா என்றேன். யார் என்று அவனுக்கு நினைவில்லை, நான் அபினோ என்று சொன்னதும் அந்தப் பேரும் அவனுக்குப் பிடிபடவில்லை. "சின்னப் பையனாக்கும்?" என்றான். ஆமா என்றேன். தண்ணீர் கேட்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னான், "அப்போ மாமாட்ட சொல்லணும் அப்பா, கயிற கொஞ்சம் இளக்கிக் கெட்டணும்னு."

டிக்கெட்டை ரத்து செய். வருவதானால் நீங்கள் நாலு பேரும் சேர்ந்து வாருங்கள், நான் பஸ் ஸ்டாண்டில் வந்து நிற்கிறேன், பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு நம் வீட்டுக்கு வரட்டும், மாமா வீட்டுக்கு வேண்டாம். அம்மாவிடம் நான் எழுதியதைச் சொல்ல வேண்டுமென்றால் சொல், எனக்குப் பயமில்லை. சின்னவளுக்கு என் முத்தம். அபினோவிடம் தாத்தா கேட்டதாகச் சொல், திட்டினார் என்று சொல்லாதே. மாதா உங்கள் நாலு பேரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும். டிஜோவுக்குச் சட்டை வாங்கினால் முழுக்கையாக, மெல்லிய பருத்தியில் வாங்கி அனுப்பு, இங்கே புழுக்கம் அதிகம்.

இப்படிக்கு,
உன் அப்பா
ம. சிலுவை